வெறும் தண்ணீர்

“எல்லாம் செத்துப்போச்சு” என்றார் சர்ஜன்.

“எத்தனை பேரு மேடம்?” ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

“பேரு இல்ல. செல்லு.”

ரேடியோ நிம்மதியாக உட்கார்ந்தான். “செல்லு செத்தா சார்ஜ் போட்டாப் போதுமே. அதுக்கா எங்களக் கூப்பிட்டீங்க?”

சர்ஜன் அவனை ஒரு பார்வை பார்த்தார். மயக்க மருந்து கொடுக்காமலே கத்தியை எடுக்கிறவர் பார்க்கும் பார்வை அது. பக்கத்தில் இருந்த அண்ணி, மேஜைக்கு அடியில் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

உறவு முறைப்படி அவள் ரேடியோவுக்கு மட்டும்தான் அண்ணி; அவனுடைய அண்ணனின் மனைவி. ஆனால் துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து போலீஸ்காரர்கள், வக்கீல்கள், சில சமயம் பிடிபட்ட திருடர்கள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிடுகிறார்கள். கொழுந்தனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவனை அணைப்பதற்கு இன்னும் ஒரு பொத்தான் கண்டுபிடிக்கப்படவில்லை.

“நீங்க சொல்லுங்க டாக்டர்.”

சர்ஜனால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பேசினார்.

“மூணாவது மாடியில ஒரு பொண்ணு இருக்கா. சலவைக்கூடத்துல வேலை. பாய்லர் ரூம்ல தீப்பிடிச்சு உள்ள மாட்டிக்கிட்டா. பாதி உடம்புல தோல் இல்ல. வேற இடத்துலேர்ந்து எடுத்து ஒட்டலாம்னா அவகிட்ட அவ்வளவு மிச்சமும் இல்ல. அதனால தபால்தலை அளவுக்குத் தோல் எடுத்து, அதுல இருக்கற உயிரணுக்களக் கீழ லேப்ல வளர்த்தோம். மூணு வாரத்துல அது பரவித் தோலாகும். நாளைக்கு ஒட்டறதா இருந்தோம். முந்தாநாள் மொத்தமும் போச்சு.”

“விபத்தா இருக்கலாமே?”

“இருக்கலாம். ஆனா அவ வார்டு வாசல்ல போலீஸ் உட்கார்ந்திருக்கு. தீயணைப்புக்காரங்க அந்தக் கதவக் கோடாலியால உடைச்சுத்தான் அவள வெளிய எடுத்தாங்க. யாரோ வெளியிலேர்ந்து பூட்டியிருக்காங்கன்னு போலீஸ் சொல்லுது. கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் அன்னைக்கே காணாமப் போயிட்டான். இவ தொண்டையில குழாய். பேச முடியாது. பேச ஆரம்பிச்சா யாரோ ஒருத்தனுக்கு ஆபத்து.”

“வார்டுக்குள்ள நுழைய முடியாதவன் லேபுக்குள்ள நுழைஞ்சிருக்கான்னு பயப்படறீங்க.”

“ஆமா. போலீஸ்ல சொன்னேன். செல்லு செத்ததுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதுங்கறாங்க.” சர்ஜன் ரேடியோவை முறைத்தார். “அவங்களும் சார்ஜ் ஜோக்தான் அடிச்சாங்க.”

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான்.

“இப்ப என்ன அவசரம்?” என்றாள் அண்ணி.

“உறைய வெச்சிருந்த கொஞ்சம் செல்லுல ரெண்டாவது தடவை ஆரம்பிச்சிருக்கோம். இன்னைக்கு மத்தியானம் அதைக் கழுவி இடம் மாத்தணும். தள்ளிப்போட்டா நெருக்கியடிச்சுக் கெட்டுப்போயிடும். கழுவினா போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு பயம். இதுவும் போச்சுன்னா அவளுக்குக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அண்ணி அதற்குள் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

லேப் தரைக்குக் கீழே இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. உள்ளே போகிற சாமான்கள் சுவரில் பதித்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகும். வெளிக்கதவைத் திறந்து வைக்க வேண்டும். அதை மூடிய பிறகுதான் உள்கதவு திறக்கும். ஆட்கள் என்றால் உள்ளே போய்வருவது ஒரே ஒரு டெக்னீஷியன் பெண்தான். முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்தவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

“நான் எதுவும் பண்ணல மேடம்” என்றுதான் ஆரம்பித்தாள்.

“நீ பண்ணினதா நான் கேக்கவே இல்லியேம்மா. செத்த செல்லக் காட்டு.”

கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. முதல் படத்தில், பதித்த கற்களைப் போல நெருக்கமாக உயிரணுக்கள். இரண்டாவதில் வெறும் கிழிசல்கள். காற்றுப் போன பலூன் தோல்களை யாரோ தரையில் கொட்டியது போல இருந்தது.

“விஷம் வெச்சா இப்படி ஆகுமா?” என்று கேட்டாள் அண்ணி.

“பெரும்பாலும் சுருங்கிக் கிடக்கும். கிருமின்னா தண்ணி கலங்கியிருக்கும். இங்க அது எதுவும் இல்ல. உறை மட்டும்தான் மிச்சம். உள்ள இருந்ததெல்லாம் வெளிய போயிடுச்சு.”

“அப்ப வெடிச்சிருக்கு.”

அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினாள்.

“எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன்” என்றான் ரேடியோ.

டெக்னீஷியன் பெண்ணுக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசும்போது நடுக்கம் குறைந்தது. “ஒவ்வொரு செல்லச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கு சார். கொழுப்பால ஆன ரெட்டை அடுக்கு. ரொம்ப மெல்லிசு. உப்பு, சர்க்கரை மாதிரி சாமானெல்லாம் அதுல நினைச்ச இடத்துல நுழைய முடியாது. அங்கங்க புரதத்தால ஆன வாசல் இருக்கு. அந்தந்தச் சாமானுக்கு அந்தந்த வாசல். சிலதுக்குச் சும்மா திறக்கும். சிலத உள்ள இழுக்கவோ வெளிய தள்ளவோ செல்லு சக்தியச் செலவு பண்ணணும்.”

“தண்ணிக்கு?”

“தண்ணிக்கு அவ்வளவு கெடுபிடி இல்ல. வரும், போகும். எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதனாலதான் உள்ள இருக்கற அளவுக்கே வெளியிலயும் உப்பு இருக்கற மாதிரி கரைசல் செஞ்சு, அதுல செல்லக் கழுவறோம். வெளியில வெறும் தண்ணியா இருந்தா, அது உள்ள போய்க்கிட்டே இருக்கும்.”

“நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி அண்ணி. கேட்டு வர்றதில்ல, வந்தா நிறுத்தறதில்ல. கடைசியில வீடு வெடிக்கும்.”

“உன் பக்கத்துச் சொந்தம்தான் அது” என்றாள் அண்ணி. பிறகு அந்தப் பெண்ணிடம், “இன்னைக்குக் கழுவப் போற கரைசல் எங்க?” என்று கேட்டாள்.

பெட்டியின் வெளிக்கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆறு பாட்டில்கள் இருந்தன. ரப்பர் மூடி, அதைச் சுற்றி இறுக்கிய வெள்ளை அலுமினிய வளையம். ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் நாடா. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிற நாடா, இந்தப் பெண்ணுக்கு மஞ்சள் என்றாள் டெக்னீஷியன். நிறமோ வாசனையோ இல்லாத திரவம். உப்பு நீரும் வெறும் நீரும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

“மேல பெரிய லேபுக்கு அனுப்பினா சாயங்காலம் சொல்லுவாங்க” என்றார் சர்ஜன். கையிலிருந்த பேனாவை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். “அவ்வளவு நேரம் இல்ல.”

“சாயங்காலம் எதுக்கு? ரேடியோ, கைய நீட்டு.”

“எதுக்கு?”

“ரத்தத்துலயும் செல்லுதானே இருக்கு.”

ரேடியோ கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். “அண்ணி, அண்ணன் உங்கள நம்பித்தான் என்ன அனுப்பி வெச்சிருக்கான்.”

“அவரு உன்னத் திருப்பி அனுப்பச் சொல்லவே இல்ல.”

விரல் நுனியில் ஊசி இறங்கியது. அவன் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன வார்டு பாய் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டெக்னீஷியன் பெண் முதலில் ஒத்திகை பார்த்தாள். ஒரு குழாயில் நல்ல உப்புக் கரைசல், இன்னொன்றில் வெறும் வாலை நீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டிலும் சில சொட்டு ரத்தம். குழாய்களுக்குப் பின்னால் அண்ணி அன்றைய செய்தித்தாளைப் பிடித்தாள்.

உப்புக் கரைசல் கலங்கிய சிவப்பாக இருந்தது. எழுத்துக்கள் தெரியவில்லை. வெறும் நீர் கொஞ்ச நேரத்தில் மாறியது. கலக்கல் போய், கண்ணாடி வளையல் மாதிரி தெளிவான சிவப்பு. அதன் வழியே தலைப்புச் செய்தியை எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது.

“ரத்த அணுவெல்லாம் முழுசா இருந்தா வெளிச்சத்த மறைக்கும்” என்றாள் அண்ணி. “வெடிச்சுட்டா மறைக்க ஆள் இல்ல. இப்ப அந்த ஆறு பாட்டில்லயும் பாரு.”

ரப்பர் மூடி வழியே ஊசி விட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்தார்கள். முதல் குழாய் கலங்கல். இரண்டாவது கலங்கல். சர்ஜன் நடப்பதை நிறுத்தியிருந்தார். நான்கு, ஐந்து, ஆறு. எல்லாமே கலங்கல். ஒன்றில்கூட எழுத்துத் தெரியவில்லை.

“கரைசல் நல்லாத்தான் இருக்கு” என்றார் சர்ஜன். அவர் குரல் மெதுவாக ஏறியது. “அப்ப தப்பு கரைசல்ல இல்ல. கழுவின கையில இருக்கு.”

டெக்னீஷியன் பெண்ணின் முகம் வெளுத்தது. “மேடம், நானே சீல உடைச்சு, நானே ஊத்தினேன். எப்பவும் செய்யறதுதான். சத்தியமா...”

“அதத்தான் நானும் சொல்றேன். நீதான் உடைச்ச. நீதான் ஊத்தின.”

“கொஞ்சம் இருங்க டாக்டர்” என்றாள் அண்ணி. “இது இன்னைக்கு வந்த பாட்டிலு. செத்தது முந்தாநாள். அன்னைக்குக் காலியான பாட்டில் எங்கம்மா?”

“கழிவுத் தொட்டியில. வாரக் கடைசியிலதான் எரிக்க எடுத்துட்டுப் போவாங்க.”

ரேடியோ கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டான். “ரத்தம் கொடுத்தாச்சு, குப்பை பொறுக்கியாச்சு. அடுத்து கிட்னியா அண்ணி?” என்று குரல் மட்டும் மேலே வந்தது. நீலம், பச்சை, ஆரஞ்சு நாடாக்களுக்கு நடுவில் மஞ்சள் நாடாக்களைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை உறிஞ்சியெடுத்துக் குழாய்களில் விட்டதும், ரத்தத்துக்காக இரண்டாவது விரலையும் ஊசிக்குப் பறிகொடுத்தான்.

கலங்கல். கலங்கல். அடுத்த குழாய்க்குப் பின்னால் அண்ணி செய்தித்தாளைக் கொண்டுபோனபோது நான்கு பேருமே ஒரே வரியைப் படித்தார்கள்.

“ஒவ்வொரு பாட்டிலாலயும் எல்லாச் செல்லையும் ஒரு தடவை கழுவுவேன். இது ஒண்ணே போதும்.” டெக்னீஷியன் பெண் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். சர்ஜன் அவள் தோளில் கை வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை போல, கையை எடுக்காமல் மட்டும் இருந்தார்.

“கரைசல் செய்யறது யாரு?” என்றாள் அண்ணி.

“இங்க வேலை பார்க்கற அண்ணன் ஒருத்தர்தான்” என்று கண்ணைத் துடைத்தாள் டெக்னீஷியன். “எல்லாரும் கரைசல்காரர்னு சொல்லுவாங்க. பக்கத்து ரூம். ஆனா அவரு ரொம்ப நல்லவரு மேடம். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அளவுக்குடுவையப் பிடிக்கக் கத்துக் கொடுத்ததே அவர்தான்.”

“நல்லவருன்னு சொன்னாலே எனக்கு மூக்கு வேர்க்குது” என்றான் ரேடியோ. அண்ணி முன்னால் போய்விட்டாள். சோதித்த ஆறு பாட்டில்களை வைத்து உடனே கழுவும்படி டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு, சர்ஜனும் பின்னால் வந்தார்.

அடுத்த அறையில் புழுக்கம் ஆளைத் தள்ளியது. பெரிய குக்கர் போன்ற ஒரு எந்திரம் நீராவியில் பாட்டில்களை வேகவைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் உயர எஃகுப் பாத்திரம். அலமாரியில் ஒரு பக்கம் வெள்ளை வளையம் போட்ட பாட்டில்கள். இன்னொரு பக்கம் நீல வளையம். ஐம்பது தாண்டிய மனிதர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“உட்காருங்கம்மா.”

அண்ணி உட்காரவில்லை. காலிப் பாட்டிலை மேஜையில் வைத்தாள். “இதுல உப்பே இல்ல. வெறும் வாலை நீர்.”

அவர் பாட்டிலைத் தொடவில்லை. “கைத்தவறா இருக்கும்மா. வயசாச்சு. உப்புப் போட மறந்திருப்பேன்.”

“இந்தப் பெரிய பாத்திரத்துலதானே மொத்தமாக் கரைக்கறீங்க?”

“ஆமாம்மா.”

“உப்பு போட மறந்திருந்தா எல்லாப் பாட்டிலும் கெட்டிருக்கணுமே. கூடப் பிறந்த மத்ததெல்லாம் நல்லா இருக்கு.”

“அப்ப... வாலை நீர்ப் பாட்டில் ஒண்ணு மாறிக் கலந்திருக்கும். சாமான் கழுவ அதுவும் இங்கதான் நிரப்பறோம்.”

“அது நீல வளையம். இது வெள்ளை வளையம். லேபிள் மாறியிருந்தா கைத்தவறு. வளையமும் சேர்ந்து மாறியிருந்தா ரொம்பப் பெரிய கைத்தவறு. அதுக்கு மேல மஞ்சள் நாடாவும் ஒட்டியிருக்கு. மூணு தப்பும் பேசி வெச்ச மாதிரி ஒரே பாட்டில்ல வந்து உட்காருமாண்ணே?”

எந்திரம் உஸ்ஸென்று ஆவியை விட்டது. அவர் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துக் குழாயின் தலை எட்டிப் பார்த்தது. மடித்து மடித்துப் பிதுக்கிய குழாய். சர்ஜனுக்கு அது தினமும் கண்ணில் படும் சாமான். தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பு.

“உங்க கையில ஒரு கொப்புளம்கூட இல்லியே” என்றாள் அண்ணி மெதுவாக. “வீட்டுல யாருக்கு வெந்திருக்கு?”

அந்த மனிதர் தான் துடைத்துப் போட்ட ஸ்டூலில் தானே உட்கார்ந்தார்.

“என் பையன் கெட்டவன் இல்லம்மா.”

சர்ஜன் ஒரு அடி முன்னால் வந்தார். அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

“அவனும் அந்தச் சலவைக்கூடத்துலதான் வேலை. தீப்பிடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்தான். ரெண்டு உள்ளங்கையும் வெந்து தொங்குது. என்னடான்னு கேட்டா வாயத் திறக்கல. சாப்பிடல. சுவத்தப் பார்த்துப் படுத்துட்டான். மறுநாள் போலீஸ் சொல்லுது, யாரோ கதவ வெளியிலேர்ந்து பூட்டிட்டாங்கன்னு. நான் என்னன்னு நினைப்பேன்? பூட்டின கைதான் வெந்திருக்குன்னு நினைச்சேன். என் மச்சினி வீட்டுல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சேன்.”

“அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே?”

“ஆமான்னு சொல்லிட்டா?”

ரேடியோ இன்னும் மாட்டியிருந்த கையுறையைக் கழற்றினான்.

“கொல்லணும்னு நினைக்கல டாக்டரம்மா. தோல் ஒட்டின பிறகுதான் குழாய எடுப்பாங்க, அப்பறம்தான் அந்தப் பொண்ணு பேசும்னு வராந்தாவுல பேசிக்கிட்டாங்க. ஒரு தடவை தள்ளிப்போனா, அதுக்குள்ள பையன எங்கயாவது தூரமா அனுப்பிடலாம்னு...”

“தோல் இல்லாம ஒவ்வொரு நாளும் அவ உயிரோட இருக்கறதே அதிசயம்” என்றார் சர்ஜன். “தள்ளிப்போறதுன்னா என்னன்னு இத்தனை வருஷம் இங்க இருக்கற உங்களுக்குத் தெரியாதா?”

அவர் காலிப் பாட்டிலை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“இன்னைக்கு வந்த செட்டுல ஏன் மாத்தல?” என்று கேட்டாள் அண்ணி.

“மாத்தத்தான் எடுத்தேன். தண்ணி குடிக்க வெளிய போனப்ப, அந்தப் பொண்ணோட அக்கா படிக்கட்டுல உட்கார்ந்திருந்தா. என் சட்டையப் பார்த்துட்டு, ‘அண்ணே, நீங்கதானே எங்க பாப்பாவுக்கு மருந்து கலக்கறவரு, நல்லபடியா செய்ங்கண்ணே’ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா.” அவர் தன் கையைப் பார்த்தார். “திரும்பி வந்து எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சுட்டேன்.”

சர்ஜனின் போன் அடித்தது. காதில் வைத்தவர் முகம் மாறியது. “எப்ப? யாரக் கேட்டு... சரி, சரி. வரேன்.” போனை இறக்கினார். “தொண்டை வீக்கம் வடிஞ்சிருக்கு. அவளே குழாயப் பிடுங்கப் பார்த்திருக்கா. மூச்சு நல்லா இருக்கறதால ட்யூட்டி டாக்டர் எடுத்துட்டாரு. பேசறாளாம்.”

“வாங்கண்ணே” என்றாள் அண்ணி.

கரைசல்காரர் எழுந்திருக்கவில்லை. “அங்க எதுக்கும்மா? இங்கயே போலீஸக் கூப்பிடுங்க.”

“கூப்பிடத்தான் போறேன். அதுக்கு முன்னால உங்களுக்குக் கேக்க பயமா இருந்தத நான் கேக்கறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க.”

லிஃப்ட் வருவதாக இல்லை. மாடிப்படி ஏறினார்கள். சர்ஜன் இரண்டிரண்டு படியாகத் தாவினார். கரைசல்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்றார். ரேடியோ அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். மூன்றாவது மாடியில் கான்ஸ்டபிள் எழுந்து வழிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் படுத்திருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைத் துணி. முகம் மட்டும் வெளியே. அருகில் ஒரு நர்ஸ். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது.

சர்ஜன் மைக்கில் குனிந்தார். “ஒரே ஒரு கேள்விம்மா. முடிஞ்சா சொல்லு. கதவ யாரு பூட்டினது?”

அந்தப் பெண் உதட்டை நனைத்துக்கொண்டாள். குரல் உரசி உரசி வந்தது.

“பூட்டல. யாரும் பூட்டல.”

கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார்.

“மரக்கதவு. எந்நேரமும் ஆவி பட்டு ஊறிப்போயிருக்கும். அடிக்கடி சிக்கிக்கும். நான் உள்ளேர்ந்து தள்ளினேன். அவன் வெளியிலேர்ந்து இழுத்தான். கைப்பிடி இரும்பு... பழுக்கக் காஞ்சிருந்திருக்கும். கத்தினான். விடவே இல்ல. கத்திக்கிட்டே இழுத்தான்.” அவள் கண்ணை மூடித் திறந்தாள். “அப்பறம் எனக்கு ஞாபகம் இல்ல.”

கரைசல்காரரின் இரண்டு கைகளும் கண்ணாடியில் பதிந்திருந்தன. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல்லாக இல்லை. ரேடியோ அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“டாக்டர்” என்றது ஒலிபெருக்கி. “அவன் கை எப்படி இருக்கு?”

சர்ஜன் மைக்கை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற கரைசல்காரருக்கு இடம் கொடுத்தார். அண்ணியும் கான்ஸ்டபிளைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்பது போலக் கையைக் காட்டினாள்.

அவர் நெடுநேரம் அந்த மைக்கையே பார்த்தார். பிறகு குனிந்தார்.

“ஆறிக்கிட்டு வருதும்மா” என்றார். “நான் அவனோட அப்பா.”